ஓதம் ஏறும் கூடத்தில் குடும்பச் சுற்றுலாப் படங்கள்

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையை ஒட்டிய எங்கள் ஓட்டு வீட்டின் கூடத்தில், பழைய குடும்பச் சுற்றுலாப் படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினேன். மாட்டிய பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையும் வந்து போய்விட்டது. படங்கள் நெளியவில்லை, பூஞ்சை பிடிக்கவில்லை. டெல்டாவில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் செய்தவற்றை எழுதி வைக்கிறேன். இந்த வேலையில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: முதலில் சுவரைப் பாருங்கள், அப்புறம் படத்தை எடுங்கள். பலரும் படத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமும் போட்ட பிறகுதான் எங்கே மாட்டுவது என்று யோசிக்கிறார்கள். நம் ஊரில் அது சரிப்பட்டு வராது.

காரணம் ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால், கீழே களிமண். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் தரையிலிருந்து மூன்றடி வரை உப்புப் பூத்து, அடித்த வெள்ளை பொரிந்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரத்துக்கு வெளியேற வழி அடைபட்டு, அது இன்னும் மேலே ஏறுகிறது. எப்போதோ சிமெண்ட் பூசிய எங்கள் கிழக்குச் சுவரில் ஓதம் நெஞ்சு உயரத்துக்குப் போயிருக்கிறது. அந்தச் சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களை எடுத்துப் பார்த்தால், பின்னால் வைத்த அட்டை ஊறி உப்பியிருக்கும், போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், ஓரமெல்லாம் அந்துப்பூச்சி அரித்திருக்கும்.

சுவரில் ஈரம் இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓரடிச் சதுரத்துக்குக் கெட்டியான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு மூன்று நாள் விடவேண்டும். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் படிந்தால் அது காற்றின் ஈரம், அதைச் சமாளிக்கலாம். வெயில் காலத்தில் இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாச் சுவரும் தேறிவிடும். மழை தொடங்கிய பிறகு செய்வதுதான் உண்மையைச் சொல்லும். கூடத்தின் நாலு சுவரிலும், ஒவ்வொன்றிலும் இரண்டு உயரத்தில் ஒட்டிப் பார்த்தேன். வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் நாலடிக்கு மேல் உள்பக்கம் காய்ந்தே இருந்தது.

அடுத்தது வெயில். முற்றம் வைத்த வீட்டில் நேர் வெயில் எந்தச் சுவரில் எப்போது விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்ணப் போட்டோவின் சாயம் வெயிலில் வெளுக்கும், கண்ணாடி போட்டாலும் வெளுக்கும். காலை வெயில் மேற்குச் சுவரில் பட்டது. சாயங்கால வெயில் கிழக்குச் சுவரில். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போதுகூட வடக்குத் தாழ்வாரத்தின் தரை வரைதான் வெயில் வந்தது, சுவரைத் தொடவில்லை. தெற்குச் சுவரும் அப்படித்தான். ஆனால் அங்கே தாத்தாவும் பாட்டியும் மாலையோடு இருக்கிறார்கள். அது அவர்கள் இடம். ஆக, வடக்குச் சுவர் என்று முடிவாயிற்று.

படம் எது என்பதில் அம்மா ஒரு விஷயத்தைக் கிளப்பினார்கள். "சாமி படம் மாட்டுவோம், போயிட்டவங்க படம் மாட்டுவோம். உசிரோட இருக்கிறவங்களை எதுக்குப்பா இவ்ளோ பெரிசா சட்டத்துக்குள்ள போட்டு மாட்டுறே?" நம் பக்கத்து வீடுகளில் பெரியவர்களுக்கு இந்த எண்ணம் உண்டு, அதைத் தள்ளிவிட்டுச் செய்ய எனக்கு விருப்பமில்லை. பேசிப் பார்த்ததில், அம்மாவுக்கு உறுத்தியது மார்பளவு முகப் படம்தான் என்று தெரிந்தது. இடம் பெரிதாகவும் மனிதர்கள் சின்னதாகவும் இருக்கும் படம் என்றால் சரி என்றார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைத்திருக்காது. முகம் மட்டும் இருக்கும் படத்தை வீட்டார் ஒருமுறை பார்ப்பார்கள், விருந்தாளி பார்க்கவே மாட்டார். ஓர் இடமும் அதற்குள் நம் மனிதர்களும் இருந்தால் எவரும் நின்று பார்ப்பார்கள்.

நாங்கள் விவசாயக் குடும்பம். நல்ல வருஷத்தில் ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, அதற்குப் பிறகு தாளடி, தை மாசியில் அறுவடை. நெல் விற்ற பணம் கையில் இருப்பதும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வருவது மே மாதத்தில்தான். அதனால் எங்கள் சுற்றுலாப் படங்கள் பெரும்பாலும் மே மாத உச்சி வெயிலில் எடுத்தவை. வானம் வெள்ளையாக இருக்கும், கண்களுக்குக் கீழே கறுப்பு நிழல் விழுந்திருக்கும், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆல்பத்தில் பார்த்தால் பெரிதாக்கத் தகுதியில்லாதவை போலத் தோன்றும். நெகட்டிவ் இருந்தால் அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். அன்றைய பிரிண்டில் வெள்ளையாகப் போன வானத்தில் மேகம் இருந்தது நெகட்டிவை ஸ்கேன் செய்த பிறகுதான் தெரிந்தது. பிரிண்ட் தாள் தாங்குவதைவிட அதிகமான வெளிச்ச வேறுபாட்டை நெகட்டிவ் பிடித்து வைத்திருக்கும்.

எடுத்தவை மூன்று. முதலாவது 1990களில் முக்கொம்பில் எடுத்தது. காவிரி இரண்டாகப் பிரிந்து கொள்ளிடம் புறப்படும் இடத்தில், 1830களில் ஆர்தர் காட்டன் மேற்பார்வையில் கட்டிய மேலணை அது. படத்தில் அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் கொள்ளிடத்து மதகுகள் நீளமாகப் போகின்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த மதகுகளில் ஒன்பது இடிந்து போயின, பிறகு புதிய கதவணை கட்டினார்கள். யாரும் மதகைப் படம் எடுக்க நினைத்து எடுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு மனிதர்களுக்குப் பின்னால் அது முழுசாக நிற்கிறது.

இரண்டாவது தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையை எல்லோரும் எடுப்பார்கள். எங்களிடமும் கோட்டைப் படம் இருக்கிறது. ஆனால் நான் எடுத்துக்கொண்டது மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் எடுத்த படம். பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. கற்களின்மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அலை அடித்துத் தெறிக்கும் நேரத்தில் எடுத்தது. ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை, எல்லோரும் அலையைப் பார்க்கிறார்கள். மூன்றாவது கொடைக்கானல் தூண் பாறை. பாறை தெரியவே தெரியாது, பனிமூட்டம்தான். அதன் முன்னே மங்கிப்போய் நிற்கும் ஸ்வெட்டர் போட்ட எங்கள் கூட்டம். சுவருக்கு ஏற்ற அமைதியான நிறம் அந்தப் படத்தில்தான் இருந்தது.

முக்கொம்புப் படத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அத்தை வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே கரை கடந்தபோது வீட்டு ஓடுகள் பறந்து, பீரோவுக்குள் இருந்த ஆல்பம் முழுக்க நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. அவர்கள் ஆல்பத்தில் இருந்த பல படங்களின் நெகட்டிவ் எங்கள் வீட்டில் இருந்தது. "அந்த முக்கொம்பு படம் உங்கிட்ட இருக்காடா?" என்று அத்தை கேட்ட பிறகுதான் தேடவே ஆரம்பித்தேன். (நனைந்த போட்டோக்களைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு: ஒட்டியவற்றைப் பிய்க்காதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரில் போட்டு, தானாக விலகினால் மட்டும் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் ஒவ்வொன்றாகப் பரப்பவேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக்கூடாது.)

நெகட்டிவை ஸ்கேன் செய்வதுதான் இந்த வேலையின் உயிர். ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் பிலிமுக்கான விளக்குள்ள ஸ்கேனர் இருந்தது. பிலிமின் பளபளப்பான பக்கத்தையும் மங்கலான பக்கத்தையும் முதலில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். மங்கலான பக்கத்து ஜெலட்டின் பூச்சில்தான் படம் இருக்கிறது, அங்கே துணிகூடப் படக்கூடாது. ரப்பர் ஊதியால் தூசியை ஊதி, மென்மையான பிரஷால் தட்டிவிட்டால் போதும். பருத்திக் கையுறை அவசியம். பூஞ்சை பிடித்த நெகட்டிவில் கிளை கிளையாகக் கோடு இருக்கும். பூஞ்சை அந்த ஜெலட்டினைத் தின்றுவிட்ட தடம் அது, துடைத்தால் போகாது. கணினியில்தான் சரிசெய்ய முடியும்.

ஒரு நெகட்டிவ் சட்டகம் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அங்குலத்துக்கு 2400 புள்ளி என்று வைத்து ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3400-க்கு 2270 பிக்சல் கிடைக்கும். 12-க்கு 18 அங்குலத் தாளில் போட்டால் அங்குலத்துக்கு 189 பிக்சல் வருகிறது. புத்தகத்தைப் போலக் கையில் வைத்துப் பார்ப்பதற்கு 300 வேண்டும் என்பார்கள். சுவரில் ஆறடி தள்ளிப் பார்க்கும் படத்துக்கு 150 இருந்தாலே போதும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துவிடலாம். கொடைக்கானல் படத்துக்கு நெகட்டிவ் இல்லை, 4-க்கு 6 பிரிண்ட்தான் இருந்தது. அதை 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600. 12-க்கு 18இல் அங்குலத்துக்கு 200 வருகிறது, கணக்கில் குறையில்லை. ஆனால் பிரிண்டில் இருக்கும் விவரம் நெகட்டிவில் இருப்பதைவிடக் குறைவு. பனிமூட்டப் படம் என்பதால் அந்தக் குறை தெரியவில்லை.

ஸ்கேனர் கிடைக்காதவர்கள் டேப்லெட் திரையை வெள்ளையாக வைத்து, அதற்குமேல் நெகட்டிவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் போனில் எடுக்கலாம். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். ஆல்பத்தில் வைக்க இது போதும், சுவருக்குப் போதாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவைப் பிரிக்க முயலவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து எடுத்துவிடுங்கள்.

பழைய பிரிண்டுகள் சிவந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்ணப் பிரிண்டில் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயம். அந்தக் காலத்து ஆல்பங்களில் பெரும்பாலும் நீலப்பச்சைதான் முதலில் மங்குகிறது, அதனால் கறுப்பாக இருக்கவேண்டிய தலைமுடி செம்பட்டையாகத் தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் லெவல்ஸ் என்று ஒரு வசதி. அதில் சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால், வரைபடத்தின் இடது ஓரம் காலியாக இருக்கும். இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை வரைபடம் ஆரம்பிக்கும் இடம் வரை நகர்த்தினால் முடி கறுப்பாகிவிடும். பிறகு பச்சை, நீலம் இரண்டிலும் அதேபோலக் கொஞ்சம். கொடைக்கானல் படத்தில் பனி மறுபடியும் பனியின் நிறத்துக்கு வந்தது இப்படித்தான். இதற்குமேல் நிறத்தைத் தூக்கவில்லை. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருந்த தேதியையும் அழிக்கவில்லை. அது அந்தப் படத்தைச் சேர்ந்தது.

பிரிண்ட் போடும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அளவு. பிலிம் படத்தின் நீள அகலம் மூன்றுக்கு இரண்டு. 4-க்கு 6, 8-க்கு 12, 12-க்கு 18 தாளில் அப்படியே உட்காரும். 8-க்கு 10, 12-க்கு 15 என்று கொடுத்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். குடும்பப் படத்தில் ஓரத்தில் எப்போதும் ஒருவர் நிற்பார், வெட்டுப்படுவது அவர்தான். போனில் எடுத்த படம் நான்குக்கு மூன்று, அதற்கு 6-க்கு 8, 12-க்கு 16 பொருந்தும். தாள் அளவு ஒத்துவராவிட்டால் வெள்ளை ஓரம் விட்டு நாமே கோப்பைத் தயார் செய்து கொடுக்கவேண்டும், வெட்டும் முடிவை லேபிடம் விடக்கூடாது.

இரண்டாவது, லேபில் தானாகச் செய்யும் திருத்தம். ஓர் இடத்தில் கொடுத்தபோது எல்லோர் முகத்தையும் வழவழப்பாக்கி, வெளுப்பாக்கித் தந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெயிலில் நின்று உழைத்தவர்களின் நிறம் அது, அதை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. அதற்குப் பிறகு கோப்பின் பெயரிலேயே "கரெக்ஷன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். பெரிய பிரிண்டுக்கு முன்னால் ஒரு சோதனையும் உண்டு: பெரிதாக்கிய கோப்பிலிருந்து முகமும் நிழலும் வரும் ஒரு பகுதியை மட்டும் 4-க்கு 6 அளவில் வெட்டி, அதே லேபில், அதே தாளில் போட்டுப் பார்ப்பது. சுவரில் வரப்போகும் கூர்மையும் நிறமும் சில ரூபாயில் தெரிந்துவிடும். தாள் மேட் அல்லது சில்க். பளபளப்புத் தாள் முற்றத்து வெளிச்சத்தை அப்படியே கண்ணில் திருப்பி அடிக்கும்.

முக்கொம்புப் படத்தின் மேல்பாதி வானம், கீழே வெறும் மணல். நடுவில் மனிதர்களும் மதகும் இருக்கும் பட்டையை மட்டும் ஒன்றுக்கு மூன்றாக வெட்டினேன். 3400 பிக்சல் 24 அங்குலத்துக்கு நீள்கிறது, அங்குலத்துக்கு 142, ஊஞ்சலிலிருந்து பார்க்கப் போதும். 8-க்கு 24 என்ற அளவு லேப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கல்யாண ஆல்பத்துக்கு 12-க்கு 36 தாள் அச்சடிக்கிற எந்த லேபிலும் இதைப் போட முடியும். அந்தத் தாளிலேயே வைத்து வெட்டிக்கொள்ளலாம்.

சட்டம் போட சாதாரணப் படக்கடைக்குப் போகாமல், தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போனேன். அந்த ஓவியத்தில் சுண்ணப்பொடிக் குழம்பால் புடைப்பாக வேலை செய்து, அதன்மேல் தங்கத்தகடு ஒட்டி, கல் பதித்திருப்பார்கள். கண்ணாடி அதைத் தொடக்கூடாது, எனவே கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சட்டம் அமைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. போட்டோவுக்கும் அதேதான் தேவை. காற்றில் ஈரம் ஏறும்போது போட்டோவின் மேல்பரப்பு இளகிக் கண்ணாடியோடு ஒட்டுகிறது, நடுவில் இடைவெளி இருந்தால் ஒட்டாது. "போட்டோவுக்கு இவ்ளோ ஆழமா எதுக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டார். ஒட்டிப்போன பழைய படம் ஒன்றைக் காட்டியதும், "சரி, புரியுது. உள்சட்டம் ஒண்ணு வச்சு அடிச்சுடலாம்" என்றார். உள்சட்டத்தோடு வெள்ளை மவுண்ட் போர்டும் சுற்றி இரண்டு அங்குலம் வைத்தோம். தங்கநிற வேலைப்பாடு வேண்டாம், வெறும் தேக்குக்கு மெழுகுப் பாலிஷ் போதும் என்று சொல்லிவிட்டேன்.

பின்பக்கத்துக்குப் பொதுவாக ஹார்டுபோர்டு அடிப்பார்கள். ஓதம் உள்ள வீட்டில் அதுதான் முதலில் கெடுகிறது. நான் 3 மி.மீ. ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் வாங்கி வெட்டிக் கொடுத்தேன். போர்டு எழுதும் கடைகளில் துண்டாகவே கிடைக்கும். இரண்டு பக்கமும் அலுமினியம், ஈரம் ஏறாது, கரையான் தின்னாது. போட்டோவை மவுண்டில் ஒட்டுவதற்கு மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமில்லாத டேப். நாலு பக்கமும் இறுக்கி ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் நடுவில் அலை அலையாக எழும்பும். மேலே மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் விரிந்து சுருங்கித் தன்பாட்டில் இருக்கும். மைதாப் பசை கூடவே கூடாது, அந்துப்பூச்சியையும் கரப்பானையும் விருந்துக்குக் கூப்பிடுவதற்குச் சமம். கடைசியாகச் சட்டத்துக்கும் ஏசிபிக்கும் நடுவே உள்ள சந்தைச் சுற்றிலும் டேப்பால் மூடினோம். கீழ் மூலை இரண்டிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினேன், சட்டம் சுவரைத் தொடாமல் பின்னால் காற்று ஓடும்.

சுவரில் படத்துக்கு ஓர் ஆணி என்று அடிக்க மனம் வரவில்லை. சுண்ணாம்புக் காரையில் ஆணி அடித்தால் கை அகலத்துக்கு உதிரும். அதோடு, பெரிய மழை அல்லது புயல் எச்சரிக்கை வரும்போது படங்களைச் சட்டென்று கழற்றி வைக்க முடியவேண்டும். அதனால் சுவர் நீளத்துக்கு ஒரே ஒரு தேக்குச் சட்டத்தை ஏழடி உயரத்தில் பொருத்தினோம். பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய மரம், ஆசாரி இழைத்துக் கொடுத்தார். துளை போடும்போது டிரில்லின் ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகக் காரையைத் தாண்டி, செங்கல்லில் இரண்டு அங்குலம் இறங்கும்படி துளைத்து, நீளமான ரவுல் பிளக் வைத்தோம். செங்கல் இடுக்கில் துளை விழுந்தால் பிடிக்காது, இரண்டு அங்குலம் தள்ளிப் போடவேண்டும். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்பு ஏறும் சுவரில் சாதாரண இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துச் சுவரில் பழுப்பாக வழியும்.

படங்கள் இந்தச் சட்டத்திலிருந்து கம்பியில் தொங்குகின்றன. நம் பாட்டன் காலத்து வீடுகளில் படங்களை முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கீழே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு நேராகத் தெரியும், முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண் கூசாது, அதோடு சுவரைத் தொடுவது கீழ் ஓரம் மட்டும்தான். ஓத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. இந்தச் சாய்மானத்தைக் கொண்டுவர கம்பி கோக்கும் வளையங்களைப் படச் சட்டத்தின் மேல் ஓரத்தில் அடிக்காமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்கி அடித்தேன். இன்னும் இறக்கினால் இன்னும் சாயும். படத்தின் கீழ் ஓரம் தரையிலிருந்து நாலடி. ஓதக் கோட்டுக்கு மேலே இருக்கிறது, ஊஞ்சலில் உட்கார்ந்தால் பார்வைக்கு ஏறக்குறைய நேராகவும் இருக்கிறது.

திருச்சியில் இருக்கும் தங்கைக்குக் கேன்வாஸ் பிரிண்ட் பிடிக்கும், அவள் பிளாட்டுக்குத் தரங்கம்பாடிப் படத்தைக் கேன்வாஸில் செய்துகொடுத்தேன். எங்கள் கூடத்துக்கு அதைச் சொல்லமாட்டேன். துணி மழைக்காலத்தில் ஈரம் வாங்கித் தொய்யும், முதுகுப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மாடி பிளாட்டுக்குச் சரி. மடிப்பதற்காகப் படத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் கூடுதலாக அச்சடித்து வாங்க வேண்டும். மரச் சட்டத்தில் இழுத்து ஸ்டேப்ளர் அடிக்கும்போது ஒரு பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று, அப்புறம் மற்ற இரண்டு பக்கத்து நடு, பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். மூலை கடைசி. உள்மூலைகளில் மர ஆப்பு வைத்துவிட்டால் பின்னால் தொய்ந்தபோது லேசாகத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

அண்மையில் போனில் எடுத்த படங்களுக்குச் சட்டம் போடவில்லை. 6-க்கு 8 அளவில் போட்டு, 5 மி.மீ. சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒட்டி, அதே தேக்குச் சட்டத்தின் ஓர் ஓரத்தில் கிளிப்பில் தொங்குகின்றன, பிள்ளைகள் இஷ்டப்படி மாற்றிக்கொள்கிறார்கள். உறவினர்களிடமிருந்து படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், பத்து அங்குலத்துக்கு மேல் தாங்காது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வரும்.

மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தேன். தேக்கின் பின்பக்கம் ஓரிடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது, உலர்ந்த துணியால் துடைத்து ஒருநாள் நிழலில் வைத்ததும் போய்விட்டது. டேப் எங்கும் விடவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஈரத் தடம் இல்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையால் கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் பசை படிகிறது. அதைத் துடைக்கத் திரவத்தைக் கண்ணாடிமேல் நேராகத் தெளிக்கக்கூடாது, வழிந்து சட்டத்துக்குள் இறங்கும். துணியில் நனைத்துத் துடைக்கவேண்டும்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது: எந்த ஊர், எந்த வருஷம், இடமிருந்து வலம் யார் யார். அம்மாவும் சித்தப்பாவும் சொல்லச் சொல்ல எழுதியது. பென்சில் எழுத்து ஈரத்தில் ஊறாது. நெகட்டிவ்களைப் பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வைத்து, சுவரைத் தொடாத மர அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்த கோப்புகள் இங்கே ஒரு ஹார்டு டிஸ்கிலும் திருச்சியில் தங்கையிடம் இன்னொன்றிலும்.

அத்தைக்கு முக்கொம்புப் படத்தில் இன்னொரு பிரிண்ட் போட்டுத் தயார் செய்திருக்கிறேன். அங்கே சுவர் புயலுக்குப் பிறகு கட்டிய புதுச் சிமெண்ட் சுவர், ஓதம் இல்லை, ஆனால் கடல் காற்று. அதனால் தேக்குக்குப் பதில் ஃபைபர் பீடிங், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக், கொக்கியும் கம்பியும் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏசிபியின் வெட்டிய ஓரங்களில் அலுமினியம் வெளியே தெரிவதால் அங்கே மட்டும் சிலிக்கான் பூசி மூடியிருக்கிறேன். அது காய்ந்ததும் பஸ்ஸில் எடுத்துப்போய் நானே மாட்டிவிட்டு வரவேண்டும்.